கட்டில் கம்பியில் இரண்டு தட்டு

ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்து பம்பு ஒன்று இருந்தது. இடைவிடாமல் சிறுகச் சிறுக மருந்தை ரத்தத்தில் இறக்கி, நோயாளியைத் தூங்கவைப்பது அதன் வேலை. அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"பார்த்தாயா, என் ஆள் அசையவே இல்லை!" என்று சுவாச இயந்திரத்திடம் பீற்றிக்கொள்ளும்.

ஆள் என்று அது சொன்னது, நிமோனியாவில் மூச்சுத் திணறி வந்த பஸ் கண்டக்டர் வடிவேற்கரசனை. தொண்டையில் குழாயோடு கிடந்தார் மனுஷன்.

"அசையாமல் கிடந்தால் குணமாகிவிட்டார் என்று அர்த்தமா?" என்றது சுவாச இயந்திரம். "அவருடைய மூச்சு முழுக்க நான்தான் விடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது."

தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, ஆள் விழிக்கிறாரா என்று பார்ப்பது அந்த வார்டின் வழக்கம். பம்புக்கு அது பெரிய அவமானம். நேற்று நிறுத்தியும் அவர் கண் திறக்கவில்லை; மூச்சுத் திணறவே மறுபடி பம்பை ஓடவிட்டார்கள். மனைவி பூங்காவனம் நேற்றெல்லாம் அழுதுகொண்டே இருந்தாள்.

இன்றும் நர்ஸ் ரெபேக்கா வந்தாள். ரத்த அழுத்தமும் ஆக்ஸிஜனும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பம்பை நிறுத்திவிட்டு, கட்டிலருகிலேயே நின்றாள்.

"ஐயோ, குழாயைப் பிடுங்கிவிடுவார்! என்னை ஓட விடு!" என்று பம்பு கெஞ்சியது. ரெபேக்காவுக்குக் கேட்டது 'பீப்' மட்டும்தான்.

"என்னங்க, நான் வந்திருக்கேன். கண்ணத் தொறங்க," என்றாள் பூங்காவனம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் கை மெல்ல நகர்ந்து கட்டில் கம்பியைத் தட்டியது. டக், டக்.

"தவிக்கிறார், பார்!" என்று கத்தியது பம்பு. ரெபேக்காவின் கையும் பம்பை மறுபடி ஓடவிடும் பொத்தானை நோக்கிப் போனது.

"வலிக்குதாய்யா?" என்று கேட்டாள்.

டக், டக்.

பூங்காவனம் அழுதுகொண்டே சிரித்தாள். "வலியில்ல சிஸ்டர்! எல்லாரும் ஏறியாச்சு, வண்டிய எடுன்னு டிரைவருக்குத் தட்டுவாரே, அந்தத் தட்டு!"

"அப்படியா? ஐயா, என் விரல அழுத்துங்க பாப்போம்."

அழுத்தினார். கண்ணும் திறந்தது. வார்டே சிரித்தது.

"அவரே மூச்சு இழுக்கிறார்!" என்று துள்ளியது சுவாச இயந்திரம். "என்ன, உனக்கு வருத்தமா?"

அசையாத ஆளைக் காட்டிப் பீற்றிக்கொண்டபோதுகூடப் பம்பு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"வருத்தமா? அவர் மறுபடி தவித்தால் மட்டும் பாதி அளவு மருந்தோடு ஓடக் காத்திருக்கிறேன். இப்போது நான் நிற்கிறேன், அவர் வண்டி கிளம்பட்டும்!"