ஒரு மணி உதிர்ந்த கொலுசு

ராஜாக்கள் ஏரி வெட்டிப் பெயர் வாங்கிய காலத்தில், பெருநாவல் என்ற ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். மோர் விற்றுப் பிழைப்பவள். அவளுக்கு ஒரே பிள்ளை, பூங்காவி என்ற மகள். "ஒரே" என்று நான் சொல்வதை அவள் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரு மகனும் இருந்தான்.

முந்தைய மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஏரிக்கரை உடைந்தது. அன்று சாயங்காலம்தான் அரண்மனை ஆள் வந்து, "கரை கெட்டியாக இருக்கிறது, கவலையில்லாமல் தூங்குங்கள்" என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனான். ஊரும் நம்பித் தூங்கியது. விடிந்தபோது சிலம்பாயியின் மகன் இல்லை. அவன் காலில் கிடந்த கொலுசும் இல்லை. மணி ஒன்று உதிர்ந்த கொலுசு. கோத்துப் போட வேண்டும், கோத்துப் போட வேண்டும் என்று அவள் நாள் கடத்திக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அரண்மனையிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அவள் நம்புவதில்லை. நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்தால் மட்டும் நம்புவோமாக்கும்.

கோடை வந்தது. புதுக் கரையும் புது மதகும் கட்ட ராஜா ஆள் அனுப்பினார். தலைமைக் கொத்தர் பெயர் விடங்கர். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் கஞ்சன். வந்ததும் மதகுப் பள்ளத்தைச் சுற்றி உயரமாக ஓலைத்தட்டி கட்டினார். ஊரார் கரைக்கு மண் சுமக்கலாம், தட்டிக்கு உள்ளே மட்டும் வரக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மோர்ப்பானையோடு அந்தப் பக்கம் போன சிலம்பாயி, தட்டிக்கு அடியிலிருந்து சிவப்பாக நீர் கசிந்து வருவதைப் பார்த்தாள். மதகு நிற்பதற்குப் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று எங்கோ எப்போதோ காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு பக்கத்து வீட்டு உமையாளிடம் சொன்னாள். உமையாள் செக்கு ஆட்டுகிறவரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய்.

"தண்ணி செவப்பா இருந்தா போதுமாக்கா? வேற என்னத்தப் பாத்தே?" என்று கேட்டாள் உமையாள்.

"கொலுசு கெடந்துச்சு. ஒரு மணி உதிந்துபோன கொலுசு."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாலே அவள் கண்ணுக்கு அந்தக் கொலுசுதான் தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பேச்சு கிளம்பியது. பெருநாவலில் சொன்னபோது ஒரு பிள்ளை. சந்தையில் சொன்னபோது மூன்று பிள்ளைகள். ஆற்றுக்கு அக்கரையில் சொன்னபோது ஏழு பிள்ளைகள். சேர்த்துச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சப்பென்று சொன்னால் கேட்கிறவள் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றாமல் இருந்துவிடுவாளே என்ற அக்கறையில் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். காணாமல் போனது யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளையாக இருக்கும் என்று ஒவ்வோர் ஊரும் நினைத்துக்கொண்டது.

மண் சுமக்க ஆள் வருவது நின்றது. கரை பாதியில் நின்றது. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. "பலியும் இல்லை, ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்" என்று விடங்கர் தண்டோரா போடச் சொன்னார். போன தடவை பயப்படாதே என்றதும் அதே தண்டோராதானே. ஊருக்குப் பயம் இரண்டு மடங்கானது.

அப்போது அக்கரையிலிருந்து சாத்தப்பன் என்ற வளையல்காரர் வந்தார். சிலம்பாயியிடம் மோர் வாங்கிக் குடித்தார்.

"ஏழு பிள்ளைங்கம்மா. எங்க பக்கம் ஒரே அழுகை" என்றார்.

சிலம்பாயிக்குப் பயமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. நான் சொன்னது சரிதான், அக்கரைக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

"அடையாளம்கூடக் கெடச்சிருக்கு. ஒரு கொலுசு. அதுல ஒரே ஒரு மணி மட்டும் இல்லையாம்."

சிலம்பாயி பானையைக் கீழே வைத்தாள். தன் மகனின் கொலுசு ஊர் ஊராகப் போய், ஆற்றைத் தாண்டி, சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதை அனுப்பியது யார் என்று அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"எல்லாரும் கடப்பாரையோட கெளம்பிட்டாங்க. உச்சிப்பொழுதுக்குள்ள அந்தக் கொத்தனை அவன் வெட்டின குழியிலயே போட்டு மூடிருவாங்க" என்றார் சாத்தப்பன்.

அவள் ஓடினாள். தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பொடியும் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து வழிந்த நீர்தான் சிவப்பாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"எதுக்குய்யா இந்தத் தட்டி?" என்று விடங்கரிடம் கேட்டாள்.

"ஈரச் சாந்துல வெயில் பட்டாலும், ஆளுங்க கால் பட்டாலும் வெடிச்சிரும்மா."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

விடங்கர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா உங்களுக்கு என்ன வெளங்கப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் உமையாள். அவள் இடுப்பில் கடைசிப் பிள்ளை, அவள் பக்கத்தில் பூங்காவி. சிலம்பாயி தட்டிக்கு வெளியே வந்து நின்றாள்.

"அந்தக் கொலுசு எம்மவனோடது. இங்க நான் எதையும் பாக்கல. என் வாயிலருந்துதான் அது வந்துச்சு."

நம்பவில்லை. இரண்டாவது தடவை சொன்னாள். நம்பவில்லை. மூன்றாவது தடவை அழுதுகொண்டே சொன்னாள்.

"அரமனைக்காரன் ஒன்னையும் வளைச்சுப் போட்டுட்டானா அக்கா?" என்று கேட்டாள் உமையாள்.

சிலம்பாயிக்குக் கோபம் வரவில்லை. நேற்று இன்னொருத்தி இப்படி வந்து நின்றிருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள். கூட்டத்துக்குள் போய்ப் பூங்காவியின் கையைப் பிடித்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மகளை அழைத்துக்கொண்டு தட்டிக்குள் போனாள்.

வெளியே ஒருவரும் அசையவில்லை. உயிரோடு இருக்கிற ஒரே பிள்ளையை எந்தத் தாய் கூலிக்காகப் பலிக்குழிக்குள் கூட்டிப் போவாள்?

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். பூங்காவியின் வாயைச் சுற்றி, சாந்துக்கு வைத்திருந்த கருப்பட்டி அப்பியிருந்தது. கையில் இன்னொரு கட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் உமையாளின் பிள்ளை தனக்கும் வேண்டும் என்று அழ ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கடப்பாரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. விடங்கர் தானே வந்து, ஆட்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே அழைத்துப் போய்த் தொட்டியையும் சாந்தையும் காட்டினார்.

மறுநாள் மண் சுமக்க ஆள் வந்தது. மழைக்கு முன்னால் கரை எழும்பியது.

உமையாள் மட்டும் முழுதாக நம்பவில்லை. "நாம பாக்கப்போன அன்னிக்கு எல்லாத்தையும் மறைச்சிருப்பாங்க" என்றாள். சிலம்பாயி அவளோடு சண்டைக்குப் போகவில்லை. மோர் விற்று முடித்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு மதகு வரைக்கும் நடந்துவிட்டு வருவாள்.

அடைமழை பிடித்த அன்று உமையாள் தன் மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு சிலம்பாயி வீட்டுக்கு வந்து படுத்தாள். கரையை அவள் அப்போதும் நம்பவில்லை, சிலம்பாயியை நம்பினாள். சிலம்பாயி நாலு பிள்ளைகளுக்கும் போர்த்திவிட்டு, ஏரியின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கரை நின்றது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பொய்யை நம்பியவர்களைப் பார்த்துச் சிரிக்காமல், அவர்களுடைய பயத்தைப் புரிந்துகொண்டு கையைப் பிடித்து நடப்பவர்களோடுதான் உண்மையும் கூட நடந்து வரும்.