கரை நண்டு ஒளித்து வைத்த உலகம்

அந்தக் காலத்தில் நண்டு பேசினால் மனிதருக்குப் புரியும். கிழக்குக் கரையில் நாகாயி என்றொருத்தி சட்டி பானை செய்து பிழைத்து வந்தாள். அவள் புருஷன் சேந்தன் தோணியேறிக் கீழ்க்கடலுக்குப் போய் இரண்டு வருஷமாகியும் திரும்பவில்லை.

கரையிறங்கும் தோணிக்காரர்களை எல்லாம் அவள் விசாரித்தாள். ஆளுக்கொரு துறையைச் சொன்னார்கள். எந்தத் துறை எதற்குப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. களிமண்ணைப் பரப்பி அதில் கடலையும் கரையையும் கீறிப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த கரை நண்டு சொன்னது: "தட்டையா செய்யாதே தங்கச்சி. கிழக்கே இருக்கிற நண்டுகிட்ட ஒரு சேதி சொன்னேன். அது அடுத்ததுகிட்டச் சொல்லி, அது இன்னொண்ணுகிட்டச் சொல்லி, கடைசியில மேற்கேயிருந்து எனக்கே வந்து சேர்ந்துச்சு. உலகம் உருண்டை."

"அப்படின்னா நீ சொல்லு அண்ணே, நான் செய்யறேன்."

விளாம்பழ அளவில் ஓர் உருண்டை பிடித்தாள். நண்டு ஊர் ஊராகச் சேதி கேட்டுச் சொல்ல, அவள் நகத்தால் கரைகளைக் கீறினாள். எல்லாக் கரையும் முடிந்தது. ஆனால் உருண்டை காயவில்லை. வெயிலில் வைத்தாலும் கடல் கீறிய இடமெல்லாம் ஈரமாகவே இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது.

ஒரு நாள் உச்சிவெயிலில், உருண்டையின் கீழ்க்கடலில் தவிட்டுத் தூசு போல ஏதோ நகர்ந்தது. கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பாய்மரம். பாயில் அவள் கையால் போட்ட சிவப்பு ஒட்டு.

"அண்ணே! அவரு தோணி!"

நண்டு அருகே வந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. "தொடாதே தங்கச்சி. இது இப்போ வெறும் மண் உருண்டை இல்லை."

"நகக்கண் தூரம்தானே அண்ணே. தள்ளிவிட்டா வீடு வந்துடுவாரு."

சுண்டுவிரல் நகத்தால் மெல்லத் தள்ளினாள்.

கரையில் காக்கைகள் சட்டென்று அடங்கின. கடல் பின்வாங்கி, மீன்கள் வெறும் மணலில் துடித்தன. உருண்டையைப் பார்த்தாள். அவள் ஊரை நோக்கி மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு வந்துகொண்டிருந்தது. பதறிப்போய் அதை அழிக்க விரலைக் கொண்டுபோனாள். ஊர் முழுவதும் இருண்டது. நிமிர்ந்தாள். ஆகாயத்தை மறைத்துக்கொண்டு, ரேகைகளோடு ஒரு விரல் இறங்கிக்கொண்டிருந்தது.

கையை உதறி இழுத்தாள். வெளிச்சம் வந்தது. அலையும் வந்தது.

நீர் வடிந்தபோது மேட்டில் இருந்த அவள் வீடு மட்டும் மிஞ்சியது. கடலோரத்துப் பதினான்கு வீடுகள் இல்லை. எதிரே அண்டைக்காரி பேச்சியின் வீடு இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்த ஒரு சட்டி கிடந்தது. பனைமரங்களுக்கு நடுவே ஒரு தோணி சாய்ந்து நின்றது. அதிலிருந்து சேந்தன் இறங்கி வந்தான்.

"பின்னாலேருந்து ஏதோ தள்ளிச்சு, நாகாயி. காத்து இல்லை. நகம் மாதிரி இருந்துச்சு."

 அது தன் நகம்தான் என்று அவள் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை.

அதிலிருந்த நீரெல்லாம் அலையாக வெளியே வந்துவிட்டதால் உருண்டை சுண்டைக்காய் அளவுக்கு வற்றியிருந்தது. அதை நண்டின் முன் வைத்தாள். "இதை உடைச்சா என்ன ஆகும்னு தெரியலை. வச்சுக்கவும் பயமா இருக்கு. ஆள் கைக்கு எட்டாம ஒளிச்சிடு அண்ணே."

"ஒளிச்சா தோண்டி எடுப்பாங்க. இதே மாதிரி ஆயிரம் உருண்டை கிடந்தா எது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றது நண்டு. அதற்குப் பிறகு அது எந்த மனிதரோடும் பேசவில்லை.

அன்று முதல்தான் கரை நண்டு வளையைச் சுற்றி மணலை உருண்டை உருண்டையாக உருட்டி வைக்கிறது. அலை அழித்தால் மறுபடி உருட்டுகிறது. மனித நிழல் விழுந்தால் வளைக்குள் ஓடி, நம் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது.