பதினாறாய் வெட்டிய இசை

புதுச்சேரியில் ஜெசிந்தா என்று ஒரு டிஜே இருந்தாள். வயது முப்பத்திரண்டு. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் கோர்த்துவிடுவாள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகைவேல். கல்யாண மண்டபங்களில் இருபது வருடம் சவுண்டு சர்வீஸ் நடத்தியவர். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆனாலும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

ஒருநாள், தான் ஒரு நிகழ்ச்சியில் அப்படிக் கோர்த்துப் போட்ட மிக்ஸை அவரிடம் கொடுத்தாள். எழுபத்து நான்கு நிமிடம், நடுவில் நிற்காத ஒரே ஓட்டம்.

"தினமும் கேளுங்கண்ணே. இப்போதைக்கு வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

தணிகைவேலுக்குக் கேட்க நேரம் கிடைப்பது காரில்தான். பழைய கார், அதன் ஸ்டீரியோவில் சிடி மட்டும்தான் ஓடும். வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் மிக்ஸும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதல் பத்து நிமிடத்தையே ஒரு வாரம் கேட்டுச் சலித்துப்போனார். துண்டாக்கினால் விட்ட பாட்டிலிருந்து கேட்கலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாட்டு மாறும் இடங்களைக் காதால் தேடித் தேடிப் பதினாறு துண்டாக வெட்டினார். துண்டுகளுக்கு நடுவே மௌனம் விழாதபடி பார்த்துச் சிடியில் ஏற்றினார். மூன்று நாள் வேலை. வெட்டிய இடமே தெரியவில்லை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் டாக்ஸி டிரைவர் அன்சாரி ஒருநாள் அவர் காரில் அதைக் கேட்டுவிட்டு, "யார் சார் போட்டது?" என்றார்.

"நான்தான்" என்றார் தணிகைவேல்.

சிடி போட்டதைத்தானே சொன்னோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் அன்சாரி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். கொடுத்தார். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு சிடியின் மேலும் மார்க்கரால் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். டீக்கடையில் அவரை "டிஜே சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஆனாலும் திரும்பிப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து விழுப்புரத்தில் ஜெசிந்தாவுக்கு நிகழ்ச்சி. கூடப் போகவேண்டிய தணிகைவேலின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அவள் டாக்ஸிக்குச் சொன்னாள். வந்தது அன்சாரியின் வண்டி.

தணிகைவேல் முன்சீட்டில் உட்கார்ந்தார். அன்சாரி சிடியைப் போட்டார். இது நம்ம சார் போட்டது, எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டியிலும் இதுதான் ஓடுகிறது என்று பின்னால் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னார்.

ஜெசிந்தா சீட்டில் சாய்ந்து பாட்டைக் கேட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கத் தணிகைவேலுக்குத் துணிவு வரவில்லை. வண்டி வில்லியனூர் தாண்டியது. ஒன்பதாவது பாட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. நாலு நொடி. பிறகு சேர்ந்துகொண்டன.

"இந்த இடத்துல மட்டும் எப்பவும் உதைக்குதே, ஏன் சார்?" என்றார் அன்சாரி.

தணிகைவேல் வாயைத் திறந்தார். அந்தத் தப்பைத் தன்னுடையது என்று சொல்ல மனம் வரவில்லை. தன்னுடையது இல்லை என்றால் மற்றதும் கையைவிட்டுப் போய்விடும். வாயை மூடிக்கொண்டார்.

"அது நான் போட்டதுங்க. தப்பு என்னோடது" என்றாள் ஜெசிந்தா.

"பரவால்ல மேடம். சார்கிட்ட கத்துக்கிட்டா சரியாயிடும்."

"சரிங்க."

அவள் சொன்னதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கையை நீட்டி ஸ்டீரியோவை அணைத்தார். வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இது முழுக்க மாஸ்டர் போட்டது, நான் வெட்டிச் சிடியில் ஏற்றினேன், அவ்வளவுதான், பெயர் எழுதினது என் கை என்று அன்சாரியிடம் சொன்னார். அன்சாரி ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகைவேல் மெல்லப் பின்னால் திரும்பினார்.

"எழுபத்து நாலு நிமிஷத்துல அந்த நாலு நொடியை மட்டும் ஏன் மாஸ்டர் உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"எடுத்துக்க ஆளில்லாம கிடந்தது அது ஒண்ணுதாண்ணே."