வரி முடியும் இடம்

கோயமுத்தூர்ப் பக்கம் தெய்வானை என்று ஒருத்தி. ஸ்பீக்கர் செய்கிறவர்கள் பெட்டியைக் கடைக்கு அனுப்பும் முன்னால் அவள் காதுக்குத்தான் அனுப்புவார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால் போதும், பெட்டி வந்த வழியே திரும்பிவிடும்.

பெட்டியைக் கேட்டுத் தரம் சொல்லும் வித்தையை அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் செங்கோடன். அவளை விட இருபது வயது மூத்தவர். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எந்த மெஷினில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது!

ஆனால் அவர் வந்த காரணம் வேறு. மனைவி பாவாத்தாள் சமையலறையில் பாடியதை மகள் ஒருநாள் போனில் பதிவு செய்திருந்தாள். மிச்சம் இருப்பது அந்த ஒரே பாட்டு. அடுத்த வாரம் பாவாத்தாளுக்கு வருஷத் திதி. சொந்தபந்தம் கூடும்போது வீட்டில் அந்தக் குரல் உயிரோடு ஒலிக்க வேண்டும். மனுஷருக்கு வேறு ஆசையே கிடையாது.

வந்த பெட்டியில் எல்லாம் அந்தப் பாட்டைப் போட்டார். எல்லாவற்றையும் தள்ளினார். சின்னப் பெட்டியில் குரலே இல்லை என்றார். பெரிய பெட்டியில் கரகரக்கிறது என்றார்.

அன்றைக்கு வந்தது, தரையில் நிற்கிற, நெஞ்சுயர ஸ்பீக்கர் ஜோடி. பாட்டு ஆரம்பித்ததும் செங்கோடன் எழுந்தே விட்டார்.

"அடேங்கப்பா! வளையல் குலுங்கறது கூட பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி இருக்குதுங்க அம்மணி!"

ஒரு வரி முடிந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

"இதுலயும் கரகரப்பு. உள்ள அதிர்ற காகிதக் கோன் கிழிஞ்சிருக்கும். திருப்பி அனுப்பிருங்க."

தெய்வானை வேறு பாட்டைப் போட்டாள். "இப்பக் கரகரக்குதுங்களாண்ணா?"

"இப்ப இல்லீங்க."

"கோன் கிழிஞ்சா எல்லாப் பாட்டுக்கும் கரகரக்கணுமில்லீங்களா?"

"என்னமோ போங்க. போன்ல சுத்தமா இருக்குது. அவ குரல் இந்தப் பெட்டிக்கு ஒத்துக்கல."

அவள் வாதாடவில்லை. ஜோடியில் ஒரு பெட்டியை அணைத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, இன்னொரு பெட்டியின் முகத்தில் தொங்கவிட்டாள். பாவாத்தாள் மறுபடி பாடினாள்.

"போயிருச்சு!" என்றார் செங்கோடன். "இதுதானுங்க அவ குரல். இதேதான்!"

"அப்ப நல்ல பெட்டின்னு சொல்லி அனுப்பிரலாமுங்களா?"

"துணியைப் போட்டுக் கேட்டுட்டு எப்படிங்க சொல்றது?" என்று தயங்கினார். கற்றுக்கொண்ட காது அல்லவா, பொய் சொல்லக் கூசியது.

அவள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கரகரப்பு திரும்ப வந்தது.

"பாட்டு பூராவும் கரகரக்குதுங்களாண்ணா?"

"இல்லீங்க. வரி முடியற எடத்துல மட்டும்."

"எல்லா வரிக்குமா?"

"எல்லா வரிக்கும்."

"வரி எங்க முடியுதுன்னு பெட்டிக்குத் தெரியுமுங்களா?"

செங்கோடன் குனிந்து பெட்டியின் முகத்தருகே காதை வைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வரி முடிந்தது. பாவாத்தாள் மூச்சை இழுத்துப் பிடித்து அடுத்த வரிக்குப் போனாள்.

"அப்பவே அவளுக்கு மூச்சு இழுத்திருக்குது," என்றார் மெல்ல. "பல மாசம் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம். இதைப் பாடறப்ப நான் கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேனுங்க அம்மணி."

அத்தனை மெஷின் இரைச்சலிலும் ஒரு பேரிங்கைப் பிரித்துக் கேட்ட காது அது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், பாவம்.

"இதை எப்படிங்க நான் உக்காந்து கேப்பேன்?" என்றார் கடைசியில். "திதியன்னைக்கு அந்தத் துண்டைப் போட்டே கேட்டா என்னங்க தப்பு?"

"தப்பொண்ணும் இல்லீங்ண்ணா," என்றாள் தெய்வானை. "வளையல் சத்தமும் கேக்காது."