தனியாக வராத மூன்று

மெய்யம்மை நடத்திய ஆசிரமப் பள்ளியில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதத்தை அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் தணிகாசலம். மெய்யம்மையைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். கல்லூரியில் முப்பது வருடம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

மெய்யம்மை அவரிடம் செவ்வந்தி என்ற ஐந்து வயதுச் சிறுமியையும் ஒரு மணிச்சட்டத்தையும் ஒப்படைத்தார். மரச்சட்டம், குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் பத்துச் சிவப்பு மணிகள். அவ்வளவுதான்.

செவ்வந்தி ஒன்று முதல் பத்து வரை பிசகாமல் எண்ணினாள். ஆனால் மூன்று காட்டு என்றால் மூன்றாவது மணியை மட்டும் தொட்டாள். ஐந்து என்றால் ஐந்தாவதை மட்டும். தணிகாசலம் தப்பு என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து மூன்று மணிகளையும் நகர்த்திக் காட்டுவார். மறுநாளும் அதையேதான் செய்தாள்.

பத்தாம் நாள் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மணிச்சட்டத்தைத் தொட மறுத்துவிட்டாள்.

ஆசிரமச் சமையலறையில் வேலை செய்யும் அவள் அம்மா வந்து, பிள்ளைக்குப் படிப்பு ஏறாதா என்று கேட்டாள். இன்னும் ஒரு வருடம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் தணிகாசலம். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போனாள். சொன்னது அவருக்கே உறுத்தியது. மெய்யம்மையிடம் போனார்.

“அம்மா, எண்ணத் தெரிந்த குழந்தைக்கு எண்ணிக்கை ஏன் புரியவில்லை?”

மெய்யம்மை செவ்வந்தியை வரவழைத்து, மணிகளை எல்லாம் இடது ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, அவளருகே தரையில் உட்கார்ந்தார்.

“இதுல மூணு எது?”

செவ்வந்தி தணிகாசலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வலப்பக்கமிருந்து மூன்றாவது மணியைத் தொட்டாள்.

“அப்ப இந்த ரெண்டும்?”

“இது ஒண்ணு. இது ரெண்டு.”

அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். தணிகாசலம் இன்னும் கிட்டே வந்து குனிந்தார்.

“சரி, மூணை மட்டும் இந்தப் பக்கம் கூட்டிட்டு வா.”

செவ்வந்தி மூன்றாவது மணியை வலப்பக்கம் தள்ளினாள். முன்னால் இருந்த இரண்டும் நகர்ந்தன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளினாள், மூன்றாவதும் பின்னுக்குப் போனது. மறுபடி செய்து பார்த்தாள். குனிந்து கம்பியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“மூணு தனியா வராது அக்கா. ஒண்ணும் ரெண்டும் கூடவே வருது.”

“அஞ்சைக் கூப்பிட்டா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். ஐந்தாவது மணிவரை விரலால் தொட்டுக்கொண்டே போய், எல்லாவற்றையும் சேர்த்து மெதுவாகத் தள்ளினாள்.

“அஞ்சு பேரும் வந்துட்டாங்க.”

மணிச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் காட்ட ஓடினாள்.

தணிகாசலம் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு மணிக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?”

“தெரியாது ஐயா. அதனால்தான் கேட்டேன்.”

தணிகாசலம் செவ்வந்தியின் அம்மாவைப் பார்க்கச் சமையலறைப் பக்கம் போனார்.