கோப்பில் இருந்த அளவு

தாய் தகப்பன் இல்லாத முத்துப்பேச்சிக்குச் சித்தப்பா வீட்டில் சூடு போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி செல்லத்தாய் கோர்ட்டில் மனுப் போட்டாள். அப்போது பிள்ளைக்கு ஆறு வயது. பிறகு மூன்று வருஷம் வாய்தாவிலேயே போயிற்று.

ஒருநாள் நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தைநல அதிகாரி மாசாமாசம் நேர்ல பார்த்து, நல்லா இருக்குன்னு எழுதுறார். உனக்கென்ன அவ்வளவு அக்கறை? சரி, அடுத்த வாய்தாவுக்குப் பிள்ளையக் கூட்டிவரச் சொல்றேன். போட்டுக்க நல்ல கவுன் நீயே தைச்சுக் கொண்டா. ஆனா அளவெடுக்கிறேன்னு அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது!"

கோர்ட்டே சிரித்தது.

"எதுக்குங்கய்யா மிதிக்கணும்? ஆபீசர்தான் உயரமெல்லாம் எழுதுறாரே. போன மாசத்து அளவு போதும்" என்றாள் செல்லத்தாய்.

அதிகாரி பெருமையோடு கோப்பைப் புரட்டி வாசித்தார்.

வாய்தா அன்று முத்துப்பேச்சி வந்து நின்றாள். செல்லத்தாய் கவுனை அவள் தோளில் வைத்துக் காட்டினாள். அது தொடையோடு நின்றுவிட்டது.

"இதுதான் நீ தைக்கிற லட்சணமா?" என்றார் நீதிபதி.

"கோப்புல இருக்கிற பிள்ளைக்குக் கச்சிதமா இருக்கும்யா. அதுக்கு இன்னும் ஆறு வயசுதான். இவளுக்கு ஒன்பது. வளர்றதுக்கு இவ வாய்தா வாங்கலியே."

அதிகாரி கோப்பை மூடினார். நீதிபதி பிள்ளையின் கையைப் பார்த்தார். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதுச் சூடு இருந்தது. பிள்ளையை அந்த வீட்டிலிருந்து மீட்கும் உத்தரவை அங்கேயே எழுதினார்.

செல்லத்தாய் பையிலிருந்து இன்னொரு கவுனை எடுத்தாள். அது அளவாகப் பொருந்தியது.

"இதுக்கு யாரும்மா அளவு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலைங்கய்யா. தெருக்குழாயில தினமும் பிள்ளையப் பார்ப்பேன். அவ்வளவுதான்."