நெயில் பாலிஷுக்கு அடியில்

சிஷ்யருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு முப்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் யாருக்கு வேலை கைவருகிறதோ அவர்தான் மாஸ்டர்.

ஜெசிந்தா மாஸ்டரின் கடை மாடியில் இருந்தது. தணிகாசலம் முதல்முறை அந்தப் படியேறி வந்தபோது, கையில் ஒரு கீபோர்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார், பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல.

"என்ன சார் ஆச்சு?"

"உயிர் போயிடுச்சும்மா. கீழ கேட்டா சிப்ப மாத்திடலாம்னு சொல்றாங்க. மாத்தினா அவ எழுதி வெச்சது போயிடுமே."

"யாரு அவ?"

"எம் பொண்ணு. சுடர்க்கொடி."

கடையில் வாங்கிய கீபோர்டு இல்லை அது. போர்டு, சுவிட்ச், மேல்மூடி என்று தனித்தனியாக வரவழைத்து அவளே பூட்டியது. ஆபீசுக்கும் அதையேதான் பையில் போட்டுக்கொண்டு போவாள். தினம் மதியம் ஒரு மணிக்கு அப்பாவுக்கு அதிலிருந்து ஒரு வரி வரும். 'அப்பா சாப்டாச்சா?' இங்கிலீஷ் எழுத்தில்தான். அந்த வரியை அப்படியே மூலைப் பொத்தானில் ஏற்றி வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் முழுசாக விழும்.

இது தெரிந்த அன்றைக்குத் தணிகாசலம் திட்டித் தீர்த்துவிட்டார். "ஒரு வரி அடிக்க உனக்குக் கை வலிக்குதா, சோம்பேறிக் கழுதை?"

அப்புறம் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். கீபோர்டு மேசையிலேயே கிடந்தது. மூன்று வருஷமாக ஒரு மணி ஆனால் அவர் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த மூலைப் பொத்தானைத் தட்டுவார். வரி வந்து நிற்கும். பார்த்துவிட்டுத்தான் தட்டில் சோறு போட்டுக்கொள்வார்.

"நல்லாதான இருந்திருக்கு. எப்படிக் கெட்டுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பக்கத்துப் பொத்தான்ல 'ஆச்சும்மா'ன்னு ஒரு பதில் போடலாம்னு ஆசைப்பட்டேன். வேற ஏதோ போர்டோட ஃபைல எடுத்து ஏத்தித் தொலைச்சிட்டேன்."

வழக்கமாக இதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் ஜெசிந்தா. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அவ வெச்ச வரி சிப்புல தனி இடத்துல இருக்கும், உங்க ஃபைல் அதத் தொட்டிருக்காது. கெடுத்தது நீங்க. எழுப்ப வேண்டியதும் நீங்கதான். நான் இதுல கை வெக்க மாட்டேன். அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க."

இப்படித்தான் அவர் சிஷ்யரானார். காயலான் கடைப் போர்டுகளைப் போட்டுப் பழகினார். விரலைச் சுட்டுக்கொண்டார். சிப்போடு நேராகப் பேசுகிற கருவி ஒன்று உண்டு, புரோகிராமர் என்பார்கள், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஆறு வயர்களைக் கொண்டுபோய் போர்டில் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். கரண்டுக்கு இரண்டு. சிப்பை அசையாமல் நிறுத்தி வைக்க ஒன்று. பேச்சின் தாளம் தப்பாமல் இருக்க ஒன்று. நாம் சொல்வது உள்ளே போக ஒன்று. அது சொல்வது வெளியே வர ஒன்று.

மாஸ்டரின் கடையில் ஒரு விதி. எழுதுவதற்கு முன் படி. இந்தக் கருவியால் புதிதாக எழுதினால் அந்தத் தனி இடம் உட்படப் பழையது எல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் உள்ளே இருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஒருநாள் மறந்துபோய் நேராக எழுதப் போனார். ஜெசிந்தா வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"இது உங்க பொண்ணு போர்டா இருந்தா?"

அவர் வயரை மறுபடி பொருத்தி, முதலில் படித்தார்.

கடைசியில் ஒருநாள் காலையில் ஜெசிந்தாவே சொன்னாள். "இன்னைக்கு உங்களுத எடுங்க."

துண்டைப் பிரித்தார். வயர்களைப் பற்றவைத்தார். கம்ப்யூட்டரில் சிப்பைப் படிக்கும் கட்டளையைத் தட்டினார். சிப் பதில் சொல்லவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் அதே வரி.

"போச்சு மாஸ்டர். இது செத்துடுச்சு."

"இப்படித் தள்ளுங்க."

ஜெசிந்தா போர்டைக் கையில் எடுக்கவில்லை. பூதக்கண்ணாடியை மட்டும் இழுத்து வைத்துக் குனிந்து பார்த்தாள். போர்டின் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷில் 'சுடர்' என்று எழுதியிருந்தது. கடைசி எழுத்தின் வால், வயர் பற்றவைக்கிற ஒரு செம்புப் புள்ளியை மூடியிருந்தது. அந்தப் புள்ளியில்தான் ஒரு வயர் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது.

"இது எந்த வயர் சார்?"

"நாம சொல்றது உள்ள போற வயர்."

"பாலிஷ் மேல ஈயம் ஒட்டுமா?"

"ஒட்டாது."

"தெரியுதுல்ல. அப்புறம் ஏன் சொரண்டல?"

"அவ கையால எழுதினது மாஸ்டர்." "எங்க வீட்டுல அவ கையெழுத்துன்னு வேற எதுவும் இல்ல."

"சரி. அது காது ரெண்டயும் தீட்டிட்டுத்தான் உக்காந்திருக்கு. நீங்க இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லல. அதுக்குள்ள செத்துடுச்சுங்கறீங்க."

பிளேடை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தின் வாலை மட்டும் சுரண்டினார். சிவப்புத் தூள் விரலில் ஒட்டிக்கொண்டது, அதை அவர் துடைக்கவில்லை. கீழே செம்பு பளபளத்தது. ஈயம் ஒரே தொடுதலில் பிடித்தது. கட்டளையைத் தட்டினார்.

சிப் பதில் சொன்னது.

முதலில் படித்தார். அவள் வைத்ததை எல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகு சரியான ஃபைலை எழுதி, அவளுடையதை அதன் இடத்திலேயே திருப்பி வைத்தார். வயர்களைக் கழற்றிவிட்டு, கீபோர்டைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி மூலைப் பொத்தானைத் தட்டினார்.

அப்பா சாப்டாச்சா?

அவர் அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார். "மாஸ்டர், பக்கத்துப் பொத்தான்ல அந்தப் பதிலையும் இப்பவே போட்டுடலாமா?"

"போடலாமே. அத அழுத்தினா யாருக்குப் போவும்?"

"மூணு வருஷமா ஒரு போன்கூடப் பண்ணல மாஸ்டர், பெத்தவன் இருக்கானா செத்தானான்னு" என்றார்.

"ஏன் பண்ணலையாம்?"

"பண்ணாதன்னு நான்தான் சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ டெம்போக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று அடிக்கப் போகிற நேரம். தணிகாசலத்தின் கை சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டது, அங்கேயே நின்றது.

"நான் கூப்பிட்டா எடுப்பாளா மாஸ்டர்?"

ஜெசிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே அவருடைய சிவந்த விரல் நுனியைப் பார்த்தாள்.

"சிப் பதில் சொல்லும்னு தெரிஞ்சுக்கிட்டா சார் சொரண்டினீங்க?"